பிள்ளைகளின் திருமணம்: முடிவெடுப்பது யார்?

(நமது அறக்கட்டளையின் சார்பில் நடைபெற்ற பெற்றோர் - இளைஞர் சந்திப்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் எல்லா வீட்டிலும் பேசப்படுவது. ஆனால் சம்பந்தப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு பேசப்படாதது. பெரியவர்கள் பார்த்து முடிக்கும் திருமணமா, பிள்ளைகள் தாங்களே தேடிக்கொள்ளும் திருமணமா என்பதுதான் அது. இதை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. தாமாகத் தேடிக்கொண்டவர்களுக்கு நம் பள்ளிவாசலில் நிக்காஹ் நடத்திவைக்கக் கூடாது, தஃப்தர் கொடுக்கக் கூடாது, அவர்களின் குடும்பத்தை நல்லது கெட்டதுக்கு அழைக்கக் கூடாது என்று ஒரு யோசனை நம் மஹல்லாவில் சிலரால் சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் பயம் அவர்களைச் சொல்லவைக்கிறது. அந்தப் பயத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் பயத்தில் எடுக்கும் முடிவு பல குடும்பங்களைக் காலத்துக்கும் கட்டிப்போடும். அதனால் முடிவெடுக்கும் முன் மார்க்கம் என்ன சொல்கிறது, நம் ஊர்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்று இரண்டையும் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் மார்க்கத்தைப் பார்ப்போம்.

நிக்காஹ் என்பது ஒப்பந்தம். அன்னிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் அதை உறுதியான உடன்படிக்கை என்றே குறிப்பிடுகிறான். ஈஜாப், கபூல், சாட்சிகள், மஹர், வலீ என்று அதற்கு ஒழுங்குகள் உண்டு. வலீ விஷயத்தில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் அதிகமாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை. உள்நாட்டு ஊர்களில் அதிகமாக உள்ள ஹனஃபீ மத்ஹபில், பருவமடைந்த, அறிவுத் தெளிவுள்ள பெண் தானே தன் நிக்காஹை முடித்துக்கொள்ள இடம் உண்டு; பொருத்தமற்ற இடமாக இருந்தால் வலீ ஆட்சேபிக்கவும் இடம் உண்டு. ஆனால் பெண்ணைக் கேட்காமல் முடிப்பதை எந்த மத்ஹபும் சிறப்பாகச் சொல்லவில்லை. அவளிடம் கேட்பதே நபிவழி.

பேச்சை யார் தொடங்குவது? அதில் மார்க்கம் ஒரே வழியைக் கட்டாயமாக்கவில்லை. கதீஜா (ரலி) அவர்கள் நபியவர்களின் நேர்மையைத் தம் வியாபாரத்தில் கண்டறிந்து, தம் தோழி நஃபீஸா மூலம் தாமே பேச்சைத் தொடங்கினார்கள். பிறகு இரு குடும்பத்துப் பெரியவர்களும் கூடி நிக்காஹ் நடந்தது. உமர் (ரலி) அவர்களோ, விதவையான தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்காக உஸ்மான் (ரலி), அபூபக்ர் (ரலி) ஆகியோரிடம் தாமே போய்ப் பேசினார்கள். இறுதியில் நபியவர்களே அவரை மணந்துகொண்டார்கள். முதலாவதில் பெண் தேடினார்; இரண்டாவதில் தகப்பன் தேடினார். இரண்டுமே நமக்கு முன்மாதிரியான இல்லங்களில் நடந்தவை. இரண்டிலும் எதுவும் ஒளித்துச் செய்யப்படவில்லை, யாரும் வற்புறுத்தப்படவில்லை.

வற்புறுத்தல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஹதீஸ் நூல்களில் விடை இருக்கிறது. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்ணை, அவருக்கு விருப்பமில்லாத இடத்தில் அவருடைய தந்தை மணமுடித்துக் கொடுத்துவிட்டார். அவர் நபியவர்களிடம் முறையிட்டார். அந்த நிக்காஹை நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். பரீரா (ரலி) அவர்களின் செய்தி இன்னும் ஆழமானது. அடிமையாக இருந்து விடுதலையான அவர் தம் கணவர் முகீஸைப் பிரிந்துவிட முடிவு செய்தார். முகீஸ் மதீனாத் தெருக்களில் அழுதுகொண்டே அவர் பின்னால் நடந்தார். நபியவர்கள் இரக்கப்பட்டு, திரும்பச் சேரக் கூடாதா என்று கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரை மட்டுமே என்றார்கள் நபியவர்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அதற்காக நபியவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அல்லாஹ்வின் தூதரே பரிந்துரையைக் கட்டளையாக்கவில்லை என்றால், பெற்றோராகிய நாம், மாமன்மார்களாகிய நாம், ஜமாஅத் நிர்வாகிகளாகிய நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம்.

பெற்றோர் பார்த்து முடித்த திருமணம் என்கிறோம். உண்மையில் அந்த முடிவை எடுப்பது பெற்றோரா? கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அங்கே வேறு பல கைகள் தெரியும்.

முதல் கை, உறவு முறை. தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 சொந்தத்துக்குள் நடந்தவை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இது எல்லாச் சமுதாயத்தையும் சேர்த்த கணக்கு. மாமன் பிள்ளை, மாமி பிள்ளை என்று நாமும் இதே பழக்கத்தில் இருப்பவர்கள்தாம். மார்க்கத்தில் இதற்குத் தடையில்லை. தெரிந்த வீடு, தெரிந்த குணம் என்ற நன்மையும் உண்டு. ஆனால் தொட்டிலில் கிடந்தபோது கொடுத்த வாக்கைக் காட்டி இருபது வயதுப் பெண்ணைப் பணியவைப்பது நன்மையாகாது. "அண்ணன் மகனை வேண்டாம் என்றால் நாளைக்கு நான் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பேன்" என்று ஒரு தாய் கேட்கும்போது, அங்கே மகளின் திருமணம் பேசப்படவில்லை. தாயின் பிறந்த வீட்டு உறவு பேசப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே மணமுடித்த குடும்பமாக இருந்தால், பரம்பரை நோய்கள் பற்றி மருத்துவரிடம் ஆலோசனை பெற்றுக்கொள்வதும் அவசியம்.

இரண்டாவது கை, சபுர். நம் பையன்களில் பலர் வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஒன்றரை மாத விடுப்பில் வருகிறார்கள். அதற்குள் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, நிக்காஹ் முடித்து, விருந்துகளும் முடிய வேண்டும். வரும் முன்பே மண்டபம் பேசியாகிவிடுகிறது. இந்த அவசரத்தில் விசாரிப்பதற்கு நேரம் எங்கே? பையன் அங்கே என்ன வேலை செய்கிறான், என்ன சம்பளம், எவ்வளவு கடன், எப்போது மனைவியை அழைத்துக்கொள்ள முடியும் என்ற கேள்விகளுக்குத் தரகர் சொன்னதே பதிலாகிவிடுகிறது. ஆகவே அந்த மாப்பிள்ளையை முடிவு செய்தது பெற்றோர் அல்ல. விமான டிக்கெட்டின் தேதிதான் முடிவு செய்தது. அந்தப் பையனுக்கும் இது அநியாயம்தான். தன் வாழ்நாள் துணையை ஒரே ஒரு பார்வையில் முடிவு செய்யச் சொல்லி அவனையும் நெருக்குகிறோம்.

மூன்றாவது கை, கைக்கூலி. நேரடியாகக் கேட்பது சில ஊர்களில் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்ற ஒரு வாக்கியத்துக்குள் நகை, பாத்திரம், கட்டில் பீரோ, வண்டி எல்லாம் அடங்கிவிடுகின்றன. மஹரை மனமுவந்து பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன். நாமோ பெண் வீட்டில் பெரிதாக வாங்கிவிட்டு, மஹரைப் பேருக்குச் சொல்கிறோம். 1961ஆம் ஆண்டு முதலே வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் நாட்டுச் சட்டப்படி குற்றம். மார்க்கத்திலும் அதற்கு இடமில்லை. இதில் நாம் கவனிக்காத இன்னொரு தீமை உண்டு. நகைக்குப் பணம் கட்டி, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, அண்ணன் அங்கே கடன் வாங்கி அனுப்பிய பிறகு, அந்தப் பெண்ணால் எப்படி "வேண்டாம்" என்று சொல்ல முடியும்? அவளுடைய சம்மதத்தின் மேல் ஒரு விலையை வைத்துவிட்டு, அதன் பிறகு சம்மதம் கேட்கிறோம்.

நான்காவது கை, ஊரும் வகையறாவும். ராவுத்தர், மரைக்காயர், லப்பை, தக்னி என்ற பெயர்கள் தொழிலாலும் மொழியாலும் வந்தவை. தொழுகையில் தோளோடு தோள் நிற்கிறோம்; சம்பந்தம் என்று வந்தால் விலகி நிற்கிறோம். ஃபிக்ஹ் நூல்கள் பேசும் குஃபூ, அதாவது பொருத்தம், தம்பதிகள் நிம்மதியாக வாழ்வதற்காகச் சொல்லப்பட்டது. அதை நம் பெருமைக்குத் திரையாக்கிக்கொண்டோம். இதனால் அதிகம் பாதிக்கப்படுவது யார் தெரியுமா? இஸ்லாத்தைத் தழுவி நம்மோடு வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கலிமா சொல்லிக்கொடுக்கிறோம், பெயர் வைக்கிறோம், பெருநாள் அன்று கட்டித் தழுவுகிறோம். பெண் கேட்டால் மட்டும் "எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்கிறோம். மார்க்கமும் குணமும் பிடித்த ஒருவர் பெண் கேட்டு வந்தால் மணமுடித்துக் கொடுங்கள், இல்லையேல் பூமியில் குழப்பம் உண்டாகும் என்ற பொருளில் வந்துள்ள நபிமொழியை நாம் மேடையில் மட்டும்தான் கேட்கிறோம்.

ஐந்தாவது கை, படிப்பும் நிறமும் வயதும். பட்டம் படித்த பெண் பிள்ளைகள் நம் மஹல்லாவில் அதிகமாகிவிட்டார்கள். பள்ளிப் படிப்போடு சபுர் போன பையன்களும் அதிகம். "அதிகம் படித்துவிட்டாள், அடங்கமாட்டாள்" என்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். நிறம் குறைவு என்று இன்னொரு பக்கம் ஒதுக்குகிறோம். தலாக் ஆனவள், கணவனை இழந்தவள் என்றால் சொல்லவே வேண்டாம். நபியவர்களின் மனைவியரில் ஆயிஷா (ரலி) அவர்களைத் தவிர மற்ற அனைவரும் முன்பே மணமானவர்கள் என்பதை எல்லோரும் அறிந்திருக்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பையனுக்கு அப்படி ஓர் இடம் வந்தால் வாயைத் திறப்பதில்லை.

ஆகவே, பெற்றோர் பார்த்த திருமணம் என்ற பெயருக்குள் நகைக்கடையும், தரகரும், விடுப்புச் சீட்டும், ஊர்ப் பேச்சும் உட்கார்ந்திருக்கின்றன. நல்ல பெற்றோர் இவை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, தம் பிள்ளையின் குணத்துக்கு ஏற்ற துணையைத் தேடுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக.

இளைஞர்களே, இனி உங்களைப் பார்த்துக் கேட்கிறோம். நானே தேர்ந்தெடுத்தேன் என்கிறீர்கள். உண்மையில் தேர்ந்தெடுத்தது நீங்கள்தானா?

உங்கள் பக்கத்திலும் பல கைகள் இருக்கின்றன. இரவு இரண்டு மணி வரை கையில் இருக்கும் கைப்பேசி ஒரு கை. காதலைத் தியாகமாகவும் பெற்றோரை வில்லனாகவும் காட்டிப் பழக்கிய சினிமா ஒரு கை. "நாங்கள் இருக்கிறோம், நீ தைரியமாக வா" என்று சொல்லும் கூட்டாளிகள் இன்னொரு கை. அவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். மூன்றாம் மாத வாடகைக்கு வரமாட்டார்கள். இவற்றோடு வீட்டில் யாரும் மனம்விட்டுப் பேசாத தனிமையும் ஒரு கை. வீட்டில் கிடைக்காத இரண்டு ஆறுதல் வார்த்தைகள் வெளியில் கிடைக்கும்போது, சொல்பவர் யார் என்று பார்க்கத் தோன்றுவதில்லை.

ஒளிவுமறைவில் நடக்கும் எந்தப் பேச்சிலும் விசாரணை இருக்காது. இதுதான் அதன் பெரிய ஆபத்து. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் செய்தியைப் பாருங்கள். முஆவியா, அபூஜஹ்ம் ஆகிய இருவர் அவரைப் பெண் கேட்டார்கள். அவர் நபியவர்களிடம் வந்து ஆலோசனை கேட்டார். ஒருவர் வசதியில்லாதவர், மற்றவர் மனைவியரிடம் கை ஓங்குபவர் என்று நபியவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்க ஆலோசனை கூறினார்கள். ஃபாத்திமா முதலில் தயங்கினார். பிறகு ஏற்றுக்கொண்டு நல்வாழ்வு வாழ்ந்தார். வாழ்க்கைத் துணையைப் பற்றிய உண்மையை வெளியில் நிற்கும் பெரியவர்கள்தான் சொல்ல முடியும். நாம் விரும்பும் ஒருவரின் குறை நம் கண்ணுக்குத் தெரியாது. இவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருக்கிறதா, வேலை உண்மையா, குடிப்பழக்கம் உண்டா, தொழுகை உண்டா என்று விசாரிக்க உங்கள் அத்தாவுக்கும் மாமாவுக்கும் வழி தெரியும். அந்த வழியை நீங்களே அடைத்துவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்னொன்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும். யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்று மார்க்கம் எல்லை வகுத்திருக்கிறது. அந்த எல்லையை மாற்ற இமாமுக்கோ ஜமாஅத்துக்கோ நமக்கோ அதிகாரம் இல்லை. அதே சமயம், எல்லையை எடுத்துச் சொல்வது வேறு. பிள்ளை ஒரு தவறான முடிவை நோக்கிப் போகும்போது உறவின் கயிற்றை நாமே அறுத்துவிடுவது வேறு. கயிறு கையில் இருந்தால்தான் திரும்ப இழுக்க முடியும்.

இப்போது அந்த யோசனைக்கு வருவோம். தாமே தேடிக்கொண்டவர்களுக்குத் தஃப்தர் இல்லை, ஊர் விலக்கு என்று தீர்மானம் போட்டால் என்ன நடக்கும்?

முதலில் நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறோம். பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறைந்துவிட்டால், யாரை மணப்பது என்பது அவர்களின் உரிமை. 2018ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவிய கேரளப் பெண் ஒருவரின் வழக்கில், உயர்நீதிமன்றம் ரத்துச் செய்த நிக்காஹை உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. வயது வந்தவரின் தேர்வில் பெற்றோரோ அரசோ தலையிட முடியாது என்று அது சொன்னதை அன்று நாமெல்லாம் வரவேற்றோம். அதே ஆண்டில் வந்த இன்னொரு தீர்ப்பில், இருவர் மணப்பதை ஊர்ப் பஞ்சாயத்துகள் கூடித் தடுப்பது சட்டவிரோதம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த நியாயம் நமக்குச் சாதகமாக இருந்தபோது வரவேற்றோம். நம் மஹல்லாவுக்குள் வரும்போது மறுக்க முடியாது.

அடுத்து, நடைமுறையை யோசியுங்கள். பள்ளிவாசல் கதவை மூடினால் அவர்கள் திருமணம் செய்யாமல் இருந்துவிட மாட்டார்கள். 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழியாகப் பதிவு அலுவலகத்துக்குப் போவார்கள். அங்கே வலீ இல்லை, மஹர் இல்லை, குத்பா இல்லை, புத்தி சொல்ல ஒரு பெரியவர் இல்லை. பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு கஷ்டம் வந்தால் எந்த வாசலில் போய் நிற்பாள்? பிறந்த வீடு மூடியிருக்கும், ஜமாஅத்தும் மூடியிருக்கும். அடித்தாலும் பட்டினி போட்டாலும் அவளுக்குப் போக்கிடம் இல்லை என்று அந்த வீட்டாருக்குத் தெரிந்துவிடும். அவளைத் தண்டிக்க நினைத்து, அவளை நிராதரவாக்குகிறோம்.

மூன்றாவது விளைவு இன்னும் பெரியது. இந்தத் தீர்மானத்தின் சுமை, தவறே செய்யாத மற்றப் பிள்ளைகள் மீது விழும். ஊர் விலக்கு வந்துவிடும் என்ற பயத்தில், படித்துக்கொண்டிருக்கும் பெண்களைக் கல்லூரியிலிருந்து நிறுத்துவார்கள். பதினெட்டு முடிந்த கையோடு யாராவது ஒருவனுக்குக் கட்டிக்கொடுப்பார்கள். இந்தப் பயம் நிலவரத்துக்குப் பொருத்தமானதா என்றும் பார்க்க வேண்டும். 2011-12இல் நாடு முழுவதும் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், கணவரைத் தானே முடிவு செய்ததாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர்தான். அந்த ஐந்து பேரைப் பார்த்துப் பயந்து மற்றத் தொண்ணூற்றைந்து பேரின் படிப்பில் கை வைப்பது நீதியாகுமா?

பெண் விருப்பம் தெரிவித்தும் தகுந்த காரணமின்றித் தடுக்கும் வலீயைப் பற்றி மார்க்கம் பேசாமல் விடவில்லை. மஃகில் பின் யஸார் (ரலி) என்ற நபித்தோழர் தம் சகோதரியை ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்திருந்தார். அவர் தலாக் சொல்லிவிட்டார். இத்தா முடிந்த பிறகு அதே மனிதர் மறுபடியும் பெண் கேட்டு வந்தார். மஃகிலுக்குக் கோபம். மதித்துக் கொடுத்த பெண்ணை விட்டுவிட்டாயே, இனி ஒருபோதும் உனக்குத் தரமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆனால் அவருடைய சகோதரிக்கு அந்தக் கணவரோடு சேர்ந்து வாழ விருப்பம் இருந்தது. அப்போதுதான், பெண்களைத் தடுக்காதீர்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 232ஆவது வசனம் இறங்கியது. அதைக் கேட்டதும் மஃகில் (ரலி) தம் கோபத்தை விட்டார். தம் சகோதரியை அவருக்கே மணமுடித்துக் கொடுத்தார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. மானமுள்ள எந்த அண்ணனுக்கும் வரும் கோபம் அது. அப்படிப்பட்ட கோபத்தையே அல்லாஹ்வின் வசனம் அடக்கியது. வலீ நியாயமின்றித் தடுத்தால் அந்தப் பொறுப்பு அவர் கையை விட்டுக் காழியிடம் போகும் என்று ஃபிக்ஹ் நூல்களில் வருவதும் இதனால்தான். வலீ என்ற பதவி பெண்ணைக் காப்பதற்காகத் தரப்பட்ட அமானிதம்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? அந்த யோசனைக்குப் பதிலாக, நம் மஹல்லா எடுத்து நடத்தக்கூடிய சில காரியங்களை ஜமாஅத் முன் வைக்கிறோம்.

முதலாவது, சம்மதத்தை நிச்சயத்துக்கு முன்பே கேட்போம். இப்போது எப்படி நடக்கிறது? நிக்காஹ் அன்று, மண்டபம் நிறைந்த பிறகு, வக்கீலும் இரண்டு சாட்சிகளும் பெண்கள் பகுதிக்குப் போய்க் கேட்கிறார்கள். சுற்றிலும் நூறு பேர். தலையில் முக்காடு, கழுத்தில் மாலை. அந்த நேரத்தில் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம் என்று நபியவர்கள் சொன்னது, அவளுடைய வெட்கத்தை மதித்துத் தந்த சலுகை. பயத்தில் வரும் மௌனத்துக்கும் அழுகைக்கும் அதைப் பொருத்தக் கூடாது. ஆகவே பேச்சு தொடங்கும்போதே, பெண்ணுக்கு நெருக்கமான ஒரு பெரியம்மாவோ, நம் மதரஸா ஆலிமாவோ தனியாக உட்கார்ந்து கேட்கட்டும். சில நாள் கழித்து இன்னொரு முறை கேட்கட்டும். "வேண்டாம்" என்றால் அந்தப் பேச்சு அதோடு நிற்கட்டும்; அவளைக் குறை சொல்லக் கூடாது.

இரண்டாவது, பையனிடமும் கேட்போம். அவன் ஆண், அவனுக்கென்ன என்று விட்டுவிடுகிறோம். தங்கையைக் கரையேற்றப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சம்பந்தத்தில் தள்ளப்பட்டவர்கள், அம்மாவின் கண்ணீருக்காகத் தலையாட்டியவர்கள் நம்மிடையே உண்டு. மனமில்லாமல் கட்டியவன் வாழ்நாளெல்லாம் அந்தக் கோபத்தை எந்தத் தவறும் செய்யாத ஒரு பெண் மீது காட்டுவான்.

மூன்றாவது, இருவரும் பார்த்துப் பேச வழி செய்வோம். ஒரு பெண்ணை மணக்க நாடிய முகீரா (ரலி) அவர்களிடம், போய் அவளைப் பார்த்துக்கொள், அது உங்களுக்குள் அன்பு நிலைக்க உதவும் என்ற பொருளில் நபியவர்கள் சொன்னார்கள். மஹ்ரமான ஒருவர் உடனிருக்க, அரை மணி நேரமாவது பேசட்டும். படிப்பைத் தொடரலாமா, வேலைக்குப் போகலாமா, எங்கே குடியிருப்பது, சபுர் எத்தனை ஆண்டு என்பதையெல்லாம் அவர்களே கேட்டுக்கொள்ளட்டும்.

நான்காவது, விசாரணைக்கு ஜமாஅத் உதவட்டும். மாப்பிள்ளை ஊர்ப் பள்ளிவாசலில் விசாரித்துச் சொல்லவும், வெளிநாட்டில் வேலை செய்யும் இடத்தில் நம் ஊர்க்காரர்கள் மூலம் உண்மை அறியவும் நம்பகமான இரண்டு மூன்று பேரை நியமிப்போம். அறிந்ததை அந்தக் குடும்பத்திடம் மட்டும் சொல்ல வேண்டும். டீக்கடைக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஐந்தாவது, பிள்ளை தானே ஓர் இடத்தைச் சொன்னால், முதல் வார்த்தையாக அடியும் திட்டும் வர வேண்டாம். "யார், என்ன, எந்த ஊர்? நாங்கள் விசாரிக்கிறோம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் பாதி ஆபத்து நீங்கிவிடும். விசாரித்த பிறகு மார்க்கத்திலும் குணத்திலும் குறை இருந்தால் காரணத்தோடு மறுங்கள். குறை இல்லை, நம் வகையறா இல்லை என்பது மட்டும்தான் என்றால், அல்லாஹ்வுக்குப் பயந்து முடித்துக் கொடுங்கள். தகப்பனும் மகளும் பேச முடியாத நிலை வந்தால் இமாம் ஹஜ்ரத் இடையில் நின்று பேசட்டும்.

ஆறாவது, மஹர் நிக்காஹ் அன்றே பெண்ணின் கையில் சேரட்டும். தொகை தஃப்தரில் தெளிவாக எழுதப்படட்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிவு செய்வது கட்டாயம். தஃப்தரோடு நின்றுவிடாமல் அந்தப் பதிவையும் முடித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா முதல் ஜீவனாம்சம் வரை அது பெண்ணுக்குப் பாதுகாப்பு.

ஏழாவது, நிக்காஹுக்குப் பிறகும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கட்டும். நாங்கள் பார்த்துக் கொடுத்தோம், அதனால் பொறுத்துக்கொள் என்று ஒருத்தியை அனுப்புகிறோம். நீயே தேடிக்கொண்டாய், அதனால் அனுபவி என்று இன்னொருத்தியை அனுப்புகிறோம். இரண்டு வார்த்தையும் ஒரே கொடுமைதான். கஷ்டப்படும் பெண்ணிடம், இது யார் பார்த்த மாப்பிள்ளை என்று கேட்டுவிட்டு உதவ வேண்டுமா?

பெரியோர்களே, முஃமின்களான ஆணையும் பெண்ணையும் இணைத்து, அவர்களுக்கிடையே அன்பையும் இரக்கத்தையும் வைப்பவன் அல்லாஹ். அந்த அன்பு எந்த வழியில் வந்த சம்பந்தத்தில் உண்டாகும் என்பது அவன் அறிந்தது. நம் கையில் இருப்பது, பேச்சைத் திறந்தவெளியில் வைப்பதும், நேர்மையாக விசாரிப்பதும், யாருடைய வாழ்க்கையோ அவரிடம் கேட்பதும்தான். இவற்றைச் செய்த பிறகு பெற்றோர் பார்த்தாலும் நல்லதே. பிள்ளைகள் சொல்லிப் பெற்றோர் முடித்தாலும் நல்லதே.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் ஊர் விலக்கு யோசனையைத் தீர்மானமாக்காமல், மேலே சொன்ன காரியங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகத்தைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஏற்பாடுகளுக்கு வேண்டிய ஒத்துழைப்பை நம் அறக்கட்டளை தரும், இன்ஷா அல்லாஹ். தாய்மார்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மகளோடும் மகனோடும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். இளைஞர்களே, உங்கள் மனதில் ஒன்று இருந்தால் வேறு யாரும் சொல்லும் முன் நீங்களே வீட்டில் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குக் கண்குளிர்ச்சியான துணைகளைத் தருவாயாக. எங்கள் கோபத்தையும் பெருமையையும் அவர்களின் வாழ்க்கைக்குத் தடையாக்கிவிடாதே. துணை கிடைக்காமல் காத்திருக்கும் ஏழைப் பெண்களுக்கும், விதவைகளுக்கும், இஸ்லாத்தை ஏற்று எங்களோடு இணைந்த சகோதர சகோதரிகளுக்கும் நல்ல இல்லறத்தை அமைத்துத் தருவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.